அச்சம் திரையேறும்போது

பேய்க்கதை ஒன்றைப் படிக்கும்போது அதிலுள்ள பேயை நாமே படைத்துக்கொள்கிறோம். எழுத்தாளர் நமக்குத் தருவன சிலவே: படிக்கட்டில் ஓர் ஒலி, தானே திறந்துகொள்ளும் ஒரு கதவு, அணையப் போகும் ஒரு விளக்கு. எஞ்சியதை நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தாம் எதற்கு அஞ்சுவாரோ அதையே அந்த இருட்டுக்குள் வைத்துப் பார்க்கிறார். ஒரே கதையைப் படித்த இருவரிடம் அந்தப் பேயின் உருவத்தைக் கேட்டால் இரு வேறு விடைகள் வருவது அதனால்தான்.

அந்தக் கதையைத் திரைப்படமாகவோ தொலைக்காட்சிப் படமாகவோ எடுக்க முனைவோருக்கு இந்த வசதி இல்லை. படக்கருவியின் முன் ஏதேனும் ஒன்று நின்றாக வேண்டும். ‘எலும்புக்கூடு’ என்று எழுத்தாளர் ஒரே சொல்லில் எழுதியதைக் கலை இயக்குநர் செய்து கொடுக்க வேண்டும். அதன் உயரம் எவ்வளவு, அது எந்த நிற ஒளியில் தெரிய வேண்டும், எத்தனை நொடி தெரிய வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். ஒரு நொடி கூடினால் பார்ப்பவர் சிரித்துவிடக்கூடும். அச்சத்திற்கும் சிரிப்புக்கும் இடையே திரையில் உள்ள தொலைவு மிகக் குறைவு.

சிறுகதை திரைக்கு மாறும்போது என்னென்ன மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்பதைப் புகழ்பெற்ற சில கதைகளைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன் அச்சம் என்பதைப் பற்றி நம் முன்னோர் சொன்னதைச் சற்று நினைவுகூர்வது நல்லது.

அச்சத்தின் நான்கு வாயில்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனித உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் வெளிப்பட்டுப் பிறர் கண்டு உணருமாறு நிற்பதே மெய்ப்பாடு. நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இதைவிட அடிப்படையான இலக்கணம் தேவையில்லை எனலாம். திரையில் ஒருவர் அஞ்சுகிறார் என்பதை அவர் உடல்தான் நமக்குச் சொல்கிறது.

அச்சம் நான்கு வழிகளில் பிறக்கும் என்று தொல்காப்பியர் கூறுகிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அந்நான்கும். அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போன்றவை. விலங்கும் கள்வரும் வெளிப்படை. நான்காவதாகிய இறை என்பது நமக்கு மேலே அதிகாரத்தோடு இருப்போரைக் குறிக்கும். அரசரை மட்டுமன்றித் தந்தையையும் ஆசிரியரையும் உரையாசிரியர்கள் இதில் அடக்குவர். பேயையும் கள்வனையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பட்டியலில் மேலோரையும் சேர்த்தது கூர்ந்து நோக்கத்தக்கது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இந்த நான்காம் அச்சத்திற்கு மீண்டும் வருவோம்.

நகை அணிந்த எலும்புக்கூடு

இரவீந்திரநாத் தாகூர் 1898ஆம் ஆண்டில் எழுதிய வங்காளச் சிறுகதை ‘மணிஹாரா’. ‘மணியை இழந்தவன்’ என்று இத்தலைப்பைப் பொருள் கொள்ளலாம். மணி என்பது நகையையும் குறிக்கும். கதைத்தலைவி மணிமாலிகாவின் பெயருமாகும். தமிழிலும் மணி என்ற சொல் இருபொருளும் தருவதால் இந்தச் சொல்விளையாட்டு நமக்கு எளிதில் விளங்கும்.

கதை இவ்வாறு செல்கிறது. ஆற்றங்கரையில் சிதைந்துபோன ஒரு படித்துறை. அதில் படகைக் கட்டிவிட்டு அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுக்கிறார். எதிரே பாழடைந்து நிற்கும் மாளிகையின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அம்மாளிகையில் பணிபூஷண் சாஹா என்னும் வணிகர் தம் மனைவி மணிமாலிகாவுடன் வாழ்ந்தார். அவளுக்குக் குழந்தை இல்லை, நகைகளே உலகம். வணிகத்தில் நெருக்கடி வந்தபோது கணவர் தன் நகைகளைக் கேட்டுவிடுவாரோ என்று அவள் அஞ்சினாள். உறவினனாகிய மதுசூதனனின் யோசனையைக் கேட்டு, நகைகள் அனைத்தையும் உடலில் பூட்டிக்கொண்டு, கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவனோடு படகேறினாள். அதன்பின் அவளைக் கண்டவர் இல்லை.

பணிபூஷண் ஊர் திரும்பிக் காத்திருக்கிறார். மழை பெய்யும் ஓர் இரவில் ஆற்றுப் படித்துறையிலிருந்து ஓர் ஒலி கேட்கிறது. நகைகள் குலுங்கும் ஒலி. அதனோடு கல்லில் ஏதோ கடினமான பொருள் மோதும் ஒலி. இரவுக்கிரவு அது நெருங்கி வருகிறது. இறுதியில் அறைக்குள் நுழைவது ஓர் எலும்புக்கூடு. அதன் எலும்புகள்தோறும் நகைகள் மின்னுகின்றன. அது அழைக்க, அவர் பின்தொடர்ந்து ஆற்றில் இறங்குகிறார்.

பள்ளி ஆசிரியர் கதையை முடித்தவுடன்தான் உண்மையான திருப்பம் வருகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர், தமக்கு இதில் நம்பிக்கை இல்லை என்கிறார். ஏனென்றால் பணிபூஷண் சாஹா என்பது அவருடைய பெயர்தான். ஆசிரியர் கூச்சப்படவில்லை, அப்படியானால் உங்கள் மனைவியின் பெயர் என்ன என்று கேட்கிறார். வந்த விடை மணிமாலிகா அன்று, நிருத்யகாளி. அத்துடன் கதை முடிகிறது.

இந்த முடிவைப் படித்தபின் முழுக்கதையும் ஆட்டம் காண்கிறது. ஆசிரியர் சொன்னது கட்டுக்கதையா? உண்மையில் நடந்த ஒன்றைப் பெயர் மாற்றிச் சொன்னாரா? அல்லது வந்திருப்பவர் யாரென்று முன்பே ஊகித்துக்கொண்டு அவரை ஆழம் பார்த்தாரா? தாகூர் விடை சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதைக்கு நடுவே அந்த ஆசிரியர் ஆண் எப்படி இருக்க வேண்டும், பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நீண்ட சொற்பொழிவே ஆற்றுகிறார். மணிமாலிகாவை நாம் அவர் கண்கொண்டு மட்டுமே பார்க்கிறோம். அவள் தரப்பைச் சொல்ல அக்கதையில் யாரும் இல்லை. ஆசிரியரின் சொற்களை எந்த அளவுக்கு நம்புவது என்ற ஐயம் வாசகருக்கு எழ வேண்டும் என்பதே எழுத்தாளரின் நோக்கம் என்று தோன்றுகிறது.

சத்யஜித் ராய் செய்த மாற்றங்கள்

தாகூரின் நூற்றாண்டு 1961இல் கொண்டாடப்பட்டபோது சத்யஜித் ராய் அவருடைய மூன்று சிறுகதைகளை இணைத்துத் ‘தீன் கன்யா’ என்ற படத்தை எடுத்தார். ‘மூன்று பெண்கள்’ என்பது அதன் பொருள். அதில் நடுவில் அமைந்தது ‘மணிஹாரா’. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் அப்பகுதி தனித்துப் பார்க்கத்தக்க ஒரு படமே. பணிபூஷணாகக் காளி பானர்ஜியும் மணிமாலிகாவாகக் கணிகா மஜும்தாரும் நடித்தனர். ராய் தம் படத்திற்குத் தாமே இசையமைக்கத் தொடங்கியதும் இப்படத்திலிருந்துதான்.

ராய் படித்துறையையும் பள்ளி ஆசிரியரையும் விட்டுவிடவில்லை. ஆசிரியர் தாம் எழுதி வைத்திருக்கும் கதையைப் படித்துக் காட்டுவதாகவும், அவர் கஞ்சா புகைப்பவராகவும் படத்தில் காட்டினார். இது சிறிய மாற்றம் போலத் தோன்றினாலும் பயன் பெரிது. சிறுகதையில் ஆசிரியரின் நீண்ட பேச்சு நமக்குள் எழுப்பும் ஐயத்தைப் படத்தில் ஒரு புகைக்குழாய் எழுப்பிவிடுகிறது. பக்கம் பக்கமாகப் பேசுவதற்குத் திரையில் இடமில்லை. பொருள்தான் பேச வேண்டும்.

மாளிகையும் அவ்வாறே. பழம்பொருள்கள் அடைந்து கிடக்கும் பெரிய கூடங்களில் மணிமாலிகா தனியே நடமாடுகிறாள். அவள் தனிமையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசிரியரின் வாய்மொழியில் பேராசைக்காரியாக மட்டுமே இருந்தவள், படத்தில் அந்தத் தனிமையோடு சேர்ந்து தெரிகிறாள். படக்கருவி ஒருவர் முகத்தை அண்மையில் காட்டிய பிறகு அவரை முழுதாக வெறுப்பது கடினம். கதையில் இல்லாத இரக்கம் திரையில் இவ்வாறு தானாக வந்து சேர்ந்துகொள்கிறது.

மணிமாலிகா ஒரு காட்சியில் தாகூரின் பாடல் ஒன்றைப் பாடுகிறாள். அதைப் பின்னணியில் பாடியவர் ரூமா குஹ தாகுர்தா. அப்பாடலின் மெட்டு சிம்மேந்திரமத்திமம் என்னும் கருநாடக இசை இராகத்தில் அமைந்தது. தென்னாட்டுப் பாடல் ஒன்றைத் தழுவித் தாகூர் அமைத்தது. வங்காளப் பேய்ப்படத்தின் நடுவே நம் காதுக்குப் பழகிய இராகம் ஒலிப்பது தமிழ் மாணவர்களுக்கு வியப்பளிக்கும்.

இனி எலும்புக்கூட்டுக்கு வருவோம். கதையில் முழு எலும்புக்கூடும் நடந்து வருகிறது. படித்துறை வரை நெடுவழி நடக்கிறது. இதை அப்படியே படமாக்கியிருந்தால் பொம்மலாட்டமாகிவிடும். ராய் முழு உருவத்தைக் காட்டுவதைத் தவிர்த்தார். கணவர் தாம் கொண்டுவந்த நகைப்பேழையைப் பார்க்கிறார். அதன்மீது நகைகள் பூண்ட ஓர் எலும்புக்கை பாய்ந்து பற்றுகிறது. அவ்வளவுதான். அந்தக் கை கணவரை நோக்கி வரவில்லை, பேழையை நோக்கி வருகிறது. இறந்த பின்னும் அவள் நாடியது எதை என்பதை அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது. கதையின் கருத்து முழுவதையும் ஒரு கைக்குள் அடக்கிய இந்த முடிவு மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

ஆனால் கடைசி மாற்றம் விவாதத்துக்கு உரியது. தாகூரின் கதையில் படித்துறையில் அமர்ந்து கேட்டவர் உயிருள்ள மனிதர். ராயின் படத்திலோ, துணியால் போர்த்திக்கொண்டு கேட்டவர் கதையில் பிழைகள் உள்ளன என்று சொல்லித் தம் பெயர் பணிபூஷண் சாஹா என்கிறார், உடனே மறைந்துபோகிறார். கேட்டவரே பேய். ஆசிரியர் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறார்.

இது ஏன் நிகழ்ந்தது? நிருத்யகாளி என்ற ஒரு பெயரைச் சொல்லி முடிப்பது தாளில் போதுமானது. வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, யோசித்து, புன்னகைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. திரையில் அடுத்த காட்சி காத்திருக்கிறது. பார்வையாளர் பின்னோக்கிச் செல்ல முடியாது. எனவே ராய் கண்ணால் காணத்தக்க ஒரு முடிவைத் தேர்ந்தார். அதனால் கிடைத்தது ஒரு நல்ல அதிர்ச்சி. இழந்ததும் ஒன்றுண்டு. தாகூரின் கதை பேய் உண்டா இல்லையா என்று சொல்லாமல் விட்டது. படம் உண்டு என்று சொல்லிவிட்டது. எதை விரும்புவது என்பது படிப்பவரின் சுவையைப் பொறுத்தது. நான் கதையின் பக்கம். வெளிநாடுகளில் இப்படம் முதலில் ‘மணிஹாரா’ இல்லாமல், ‘இரண்டு பெண்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியானது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். நெடுங்காலம் அயல்நாட்டார் இந்தப் பேயைக் காணாமலே ராயைப் போற்றி வந்தனர்.

சிறிய திரை, சிறிய அறை

திரையரங்கின் இருட்டில் நூற்றுக்கணக்கானோருடன் அமர்ந்து பார்ப்பது வேறு. வீட்டில் விளக்கு எரிய, அடுக்களையில் குக்கர் கூவ, தம்பி தங்கையருடன் பார்ப்பது வேறு. தொலைக்காட்சிப் படம் எடுப்போர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். பரந்த நிலக்காட்சிகள் சிறிய திரையில் வலுவிழக்கும். முகமும் கையும் ஒலியும் வலுப்பெறும். சிறுகதைக்கும் தொலைக்காட்சிப் படத்துக்கும் இயல்பாகவே பொருத்தம் ஏற்படுவது இதனால்தான். இரண்டிலும் மாந்தர் சிலரே; இடம் ஒன்றோ இரண்டோ; நேரமும் ஒரே அமர்வில் முடியும் அளவினது. நாவலைத் திரைப்படமாக்குவோர் வெட்டிக் குறைப்பதில் துன்புறுவர். சிறுகதையைப் படமாக்குவோர் எதைச் சேர்ப்பது என்று தயங்குவர்.

இங்கிலாந்தின் பிபிசி தொலைக்காட்சி இதில் ஒரு மரபையே உருவாக்கியது. கிறித்துமசு காலத்தில் பேய்க்கதை சொல்வது அந்நாட்டு வழக்கம். 1970களில் ஆண்டுதோறும் அக்காலத்தில் ஒரு பேய்க்கதையைப் படமாக்கி அந்நிறுவனம் ஒளிபரப்பியது. அவற்றுள் 1976இல் வந்தது ‘சிக்னல்மேன்’. சார்லசு டிக்கன்சு 1866இல் எழுதிய சிறுகதை அது. அதற்கு முந்தைய ஆண்டு சூன் 9ஆம் நாள் இங்கிலாந்தின் இசுடேபிள்கர்சுட் என்னுமிடத்தில் நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தில் டிக்கன்சு உயிர் தப்பியவர். பத்துப் பேர் இறந்த அவ்விபத்தில் காயமுற்றோருக்கு அவர் உதவினார். தொடர்வண்டிப் பாதையில் தோன்றி விபத்தை முன்னறிவிக்கும் உருவத்தைப் பற்றிய அவர் கதை வெறும் கற்பனை அன்று என்பது இதனால் புலப்படும்.

கதையில் அந்த உருவம் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மறுகையை அசைத்து எச்சரிக்கிறது. ஆண்ட்ரூ டேவிசு திரைக்கதை எழுத, இலாரன்சு கார்டன் கிளார்க் இயக்கிய படத்தில் வாய் பிளந்த வெளிறிய முகமும் ஓரிடத்தில் காட்டப்படுகிறது. அது நம்மைத் திடுக்கிட வைப்பது உண்மை. எனினும் படத்தின் பெரும்பகுதி அச்சத்தைத் தாங்குவது டென்கோல்ம் எலியட் என்ற நடிகரின் முகம்தான். ஆழமான பள்ளத்தில், சுரங்க வாய்க்கு அருகே, சிறிய அறையில் தனியே பணிபுரியும் ஒரு மனிதர். தம் கடமையில் தவறாதவர். எச்சரிக்கை வருகிறது, ஆனால் எதைச் செய்வது என்று தெரியாதவர். மணி ஒலிப்பதும், அதை அவர் மட்டும் கேட்பதும், விருந்தாளி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் போதுமானவை. மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் சொன்னது இதுவே.

தமிழில் இத்தகைய முயற்சிக்கு ஏற்ற கதை எது என்று கேட்டால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ உடனே நினைவுக்கு வரும். எழுத்தாளர் ஒருவர் ‘நான்’ என்று தன்மையில் சொல்லும் கதை அது. வீட்டுக்கு வேலை செய்ய வந்த பெண் யார் என்பதைப் பற்றிய அச்சம் முழுவதும் அவர் மனத்தின் வழியாகவே நம்மை வந்தடைகிறது. அவர் கண்டது உண்மையா, மயக்கமா என்று நம்மால் உறுதி செய்ய இயலாது. படக்கருவியோ ‘நான்’ என்று சொல்லத் தெரியாத கருவி. அது அவரையும் சேர்த்தே வெளியிலிருந்து காட்டும். அவர் கண்ட காட்சியைத் திரையில் காட்டினால் அது உண்மையாகிவிடும்; காட்டாவிட்டால் கதை புரியாது. இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்ப்பது என்று கதையைப் படித்தபின் வகுப்பில் கலந்துரையாடலாம்.

தில்லியின் வேதாளமும் ராயின் கோடரியும்

இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்தது நாம் வாழும் தில்லியில்தான். 1959 செப்டம்பர் 15ஆம் நாள் நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஆகாசவாணி பவனிலிருந்து சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. வானொலியின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் இயங்கிய தூர்தர்சன் 1976இல் தனி நிறுவனமாயிற்று. 1982இல் வண்ண ஒளிபரப்பும் நாடு முழுவதற்குமான பொது நிகழ்ச்சிகளும் வந்தன. அவ்வாண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. பல வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் அக்காலத்தில்தான்.

தூர்தர்சன் சிறுவர்க்குக் காட்டிய அச்சத்தில் புகழ்பெற்றது 1985இல் இராமானந்த் சாகர் எடுத்த ‘விக்ரம் அவுர் பேதாள்’. விக்கிரமாதித்தனாக அருண் கோவிலும் வேதாளமாகச் சஜ்ஜனும் நடித்தனர். 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதைகளில் இவை இடம்பெற்றுள்ளன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முருங்கை மரமும் வேதாளமும் பிரியாத இணை. வடமொழிக் கதையில் அது சிஞ்சுபா மரம். தொடரில் வெண்முடி விரித்த வேதாளம் சிரித்துக்கொண்டு தோளில் ஏறும்போது பிள்ளைகள் அஞ்சினாரோ மகிழ்ந்தாரோ, ஞாயிற்றுக்கிழமைதோறும் மீண்டும் பார்த்தனர். புதிர் போடும் பேயிடம் அச்சம் நீடிப்பதில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1981இல், தூர்தர்சனுக்காகச் சத்யஜித் ராய் ஒரு படம் எடுத்தார். அதில் பேய் இல்லை. ஆயினும் அதுவே இந்நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டவற்றுள் மிகவும் அச்சமூட்டும் படம் என்று நான் கருதுகிறேன். அப்படம் ‘சத்கதி’. இந்திச் சிறுகதைகளின் தலைமகனாகிய பிரேம்சந்த் எழுதிய கதை அது. நற்கதி என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

துக்கி என்பவர் தோல்தொழில் செய்யும், தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்தவர். மகளின் திருமண நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஊர்ப் பண்டிதர் காசிராமை அழைக்கச் செல்கிறார். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்த உடம்பு. காலையில் உண்ணவும் இல்லை. பண்டிதர் வருவதாகச் சொல்லி, அதற்குமுன் சில வேலைகளை முடிக்கச் சொல்கிறார். வாசலைப் பெருக்க வேண்டும். வைக்கோல் சுமக்க வேண்டும். பின் முடிச்சுகள் நிறைந்த ஒரு பெரிய மரக்கட்டையைப் பிளக்க வேண்டும். கட்டை பிளக்கவில்லை. துக்கி தம் வலிமையெல்லாம் திரட்டி வெட்டுகிறார்; அங்கேயே விழுந்து இறக்கிறார்.

இனித்தான் கதையின் கொடிய பகுதி. பண்டிதருக்கு உடலைத் தொடக்கூடாது. துக்கியின் சமூகத்தார் காவலர் விசாரணைக்கு அஞ்சி உடலை எடுக்க வர மறுக்கின்றனர். உடல் கிடக்கும் வழியே கிணற்றுக்குச் செல்ல முடியவில்லை என்று ஊரார் முறையிடுகின்றனர். மழை பெய்கிறது. இறுதியில் விடியுமுன் பண்டிதர் தாமே கயிற்றால் காலைப் பிணைத்து, உடலை ஊருக்கு வெளியே, செத்த கால்நடைகளைப் போடும் இடத்துக்கு இழுத்துச் செல்கிறார்.

ராய் இதை அப்போதைய மத்தியப் பிரதேசத்தில், இன்றைய சத்தீசுகர் பகுதியில் படமாக்கினார். துக்கியாக ஓம் பூரி, மனைவி ஜுரியாவாக இசுமிதா பாட்டீல், பண்டிதராக மோகன் அகாசே நடித்தனர். உரையாடலுக்குப் பிரேம்சந்தின் மகன் அம்ரித் ராய் துணைநின்றார். ஏறத்தாழ ஐம்பது நிமிடப் படம். கதையின் நிகழ்ச்சிகளை ராய் பெரிதும் மாற்றவில்லை. ‘மணிஹாரா’வில் அத்தனை மாற்றங்கள் செய்தவர் இங்கே கைகட்டி நின்றார் எனலாம். காரணம் உண்டு. பேய்க்கதையில் நம்ப முடியாததை நம்பவைக்க வேண்டும். அதற்கு உத்திகள் தேவை. ‘சத்கதி’யில் நம்பவைக்க வேண்டியது எதுவும் இல்லை. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

படத்தில் கூர்ந்து நோக்க வேண்டியது ஒலி. கோடரி கட்டையில் விழும் ஒலி மீண்டும் மீண்டும் கேட்கிறது. கட்டை அசைவதில்லை. வீட்டுக்குள் உணவும் உறக்கமும் நிகழ்கின்றன. வெளியில் அந்த ஒலி. ‘மணிஹாரா’வில் நகையொலி இரவுக்கிரவு நெருங்கியதுபோல இங்கே கோடரியொலி வேளைக்குவேளை வேகம் கொள்கிறது. பேய்க்கதையின் உத்தியையே ராய் பேயில்லாக் கதைக்குப் பயன்படுத்தியுள்ளார் என்று சொன்னால் மிகையாகாது.

துக்கியின் உடல்மொழியும் அவ்வாறே. பண்டிதர் வாசலில் நிற்கும்போது ஓம் பூரியின் தோள்கள் குறுகுகின்றன. பார்வை தரையை நோக்குகிறது. இங்கே அணங்கு இல்லை, விலங்கு இல்லை, கள்வரும் இல்லை. தொல்காப்பியர் சொன்ன நான்காவது வாயிலாகிய இறை மட்டுமே உள்ளது. பண்டிதர் கத்தவில்லை, அடிக்கவில்லை. வேலையைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். தாம் செய்வது தவறு என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவர் வில்லனைப்போல் நடிக்காததே அப்பாத்திரத்தின் கொடுமை.

ஜுரியா கணவரின் உடல்மீது மழையில் விழுந்து அழுவதும், மூடிய கதவை நோக்கிக் கதறுவதும் படத்தில் ஒரு பெரும் காட்சியாக விரிகின்றன. கதவு திறக்கவில்லை. கதவுக்கு அப்பால் பண்டிதரும் அவர் மனைவியும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பேய்ப்படங்களில் கதவுக்கு வெளியே நிற்பது எது என்று உள்ளிருப்போர் நடுங்குவர். பார்வையாளரும் உள்ளிருப்போரின் பக்கமே இருப்பர். ராய் நம்மைக் கதவுக்கு வெளியே, மழையில், ஜுரியாவின் அருகில் நிறுத்துகிறார்.

இந்தப் படம் திரையரங்குக்காக எடுக்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தவர்க்கன்று, வீட்டில் அமர்ந்திருப்போர்க்கு இது காட்டப்பட்டது. கதையில் வரும் ஊராரைப் போன்றவர்களும் பண்டிதரைப் போன்றவர்களும் துக்கியைப் போன்றவர்களும் அப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கக் கூடும்.

கதையின் முடிவைப் பிரேம்சந்த் கசப்பான ஒரே வரியில், எள்ளலாக எழுதி முடிக்கிறார். எள்ளல் எழுத்தாளரின் குரலில் இருப்பது. படக்கருவிக்கு அக்குரல் இல்லை. ராய் அந்த வரியைப் பின்னணிக் குரலாகச் சேர்க்கவும் இல்லை. உடலை அகற்றியபின் பண்டிதர் திரும்பி வந்து, துக்கி விழுந்த இடத்தில் நீர் தெளித்துத் தூய்மை செய்கிறார். கட்டை அங்கேயே கிடக்கிறது. அதில் கோடரி குத்தி நிற்கிறது.